பணம் கட்டியவருக்கே பூட்டு

2018 ஆகஸ்டில் இந்தியச் சந்தைக்கு வந்த போக்கோ எஃப்1 செல்பேசியை வாங்கியவர்கள் கெட்டிக்காரர்கள் என்றே பேசப்பட்டது. ரூ.20,999-க்கு ஸ்னாப்டிராகன் 845 சிப் என்றால் சும்மாவா? ஆனால் நெட்ஃபிளிக்ஸுக்கு எச்டி சந்தா கட்டிவிட்டு அதில் படம் போட்டவர்களுக்கு மங்கலான படம்தான் கிடைத்தது. திரையிலும் குறையில்லை, இணைய வேகத்திலும் குறையில்லை. கூகுளின் வைட்வைன் என்னும் பூட்டு முறையில் அந்தச் செல்பேசிக்கு 'எல்1' தகுதி இல்லை, 'எல்3' மட்டுமே இருந்தது. எல்3 கருவிக்குத் தெளிவான படத்தை அனுப்பினால் யாராவது உருவிவிடுவார்கள் என்பது பட நிறுவனங்களின் பயம். ஓடிடி படங்களின் முழு எச்டி நகலோ வெளியான அன்றே திருட்டுத் தளங்களுக்கு வந்துவிடுவது வாடிக்கை. அந்த நகலை அதே போக்கோவில் ஓட்டினால் பளிச்சென்று ஓடும். 2019 தொடக்கத்தில் ஒரு அப்டேட் வந்து குறை தீர்ந்தது. ஒன்பிளஸ் 5, 5டி வைத்திருந்தவர்கள் பாடு இதைவிட மோசம். எல்1 வேண்டுமென்றால் செல்பேசியையே நிறுவனத்துக்கு அனுப்பி வைக்கச் சொன்னார்கள்.

டிஆர்எம் என்று தொழிலில் சுருக்கமாகச் சொல்லப்படும் இந்தப் பூட்டின் அடிப்படை எளிது. கோப்பு பூட்டப்பட்டு வரும். ஒப்புதல் பெற்ற கருவிக்கோ செயலிக்கோ மட்டும் சாவி தரப்படும். வாடிக்கையாளர் படம் பார்க்க வேண்டுமானால் அந்தச் சாவி அவர் கையிலுள்ள கருவிக்கு வந்தே தீர வேண்டும், சிக்கலும் அங்கேதான். உலகில் எங்கோ ஒருவர் ஒரே ஒரு முறை உடைத்தால் போதும், அதன்பின் சுற்றும் நகல்களில் பூட்டே இருக்காது. பணம் கட்டியவர் மட்டும் தினமும் அதைத் திறந்துகொண்டே இருக்க வேண்டும்.

இந்தப் பயம் ஒரு நிறுவனத்தை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதைச் சோனி பிஎம்ஜி விவகாரம் காட்டியது. மார்க் ருசினோவிச் என்ற விண்டோஸ் வல்லுநர், கணினிக்குள் ஒளிந்திருக்கும் நிரல்களைத் துப்பறியும் கருவி ஒன்றை எழுதியிருந்தார். அதைத் தம் சொந்தக் கணினியில் ஓட்டியபோது, முன்பின் தெரியாத ஒரு நிரல் பதுங்கியிருப்பது தெரிந்தது. தடம் பிடித்துப் போய்ப் பார்த்தால், அது அவர் காசு கொடுத்து வாங்கிய ஒரு பாட்டு சிடியிலிருந்து வந்திருந்தது. 2005 அக்டோபர் 31 அன்று அவர் அதை அம்பலப்படுத்தினார். சிடியைக் கணினியில் போட்டதும் எக்ஸ்சிபி என்ற நகல் தடுப்பு நிரல் உள்ளே இறங்கித் தன்னை மறைத்துக்கொண்டது. குறிப்பிட்ட சில எழுத்துகளில் தொடங்கும் பெயருள்ள எந்தக் கோப்பும் விண்டோஸின் கண்ணுக்குத் தெரியாதபடி அது செய்துவைத்தது. வைரஸ் எழுதுபவர்கள் தங்கள் கோப்புக்கும் அதே எழுத்துகளைப் பெயரில் சேர்த்துவிட்டால் போதும், சோனி கட்டிய மறைவிடத்தில் வாடகையில்லாமல் குடியேறலாம். சில நாட்களிலேயே அப்படிக் குடியேறவும் செய்தார்கள். கையால் அழிக்கப் போனால் சிடி டிரைவ் செயலிழந்தது. நிறுவனமே கொடுத்த நீக்கும் நிரலோ கணினியில் இன்னொரு ஓட்டையைத் திறந்து வைத்தது.

சோனி பிஎம்ஜியின் உயரதிகாரி ஒருவர் அமெரிக்க வானொலியில் இதற்குச் சொன்ன பதில் விவகாரத்தைவிடப் பிரபலமானது. ரூட்கிட் (இப்படிக் கணினிக்குள் ஒளிந்துகொள்ளும் நிரல்) என்றால் என்னவென்றே பெரும்பாலோருக்குத் தெரியாதே, பிறகு அவர்கள் ஏன் கவலைப்பட வேண்டும் என்ற பொருளில் கேட்டார். அடுத்த சில நாட்களில் வழக்குகள் குவிந்தன. எக்ஸ்சிபி ஏற்றிய 52 ஆல்பங்களின் சிடிக்களை நிறுவனம் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. எக்ஸ்சிபிக்குள்ளேயே 'லேம்' என்ற திறமூல எம்பி3 நிரலின் பகுதிகள், உரிம நிபந்தனையை மதிக்காமல் சேர்க்கப்பட்டிருந்ததும் வெளியே வந்தது. பதிப்புரிமையைக் காக்கப் போட்ட வேலியே பயிரை மேய்ந்திருந்தது.

அன்று இந்தத் தட்டுகளில் ஒன்றைக்கூட வாங்காமல் இணையத்தில் எம்பி3 இறக்கியவரின் கணினிக்கு எக்ஸ்சிபியால் ஒன்றும் நேரவில்லை.

இசைத்துறை பாடம் கற்றது, தாமதமாக. 2009-இல் ஐடியூன்ஸ் தன் பாடல்களின் பூட்டை முழுவதுமாகக் கழற்றியது. உலகம் இடிந்து விழவில்லை. இன்று ஸ்பாட்டிஃபை பாடல்களிலும் பூட்டு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பாட்டுக் கேட்பவர் அதில் முட்டிக்கொள்வதில்லை. விரும்பிய பாடல் விரும்பிய கருவியில் கிடைத்துவிடுகிறது. ஆக, பூட்டு இருப்பதே குற்றம் என்று சொல்ல முடியாது. அது யார் காலில் இடிக்கிறது என்பதுதான் கேள்வி.

பூட்டின் பக்கமும் நியாயம் உண்டு. டெனுவோ என்ற பூட்டைப் போட்ட கணினி விளையாட்டுகளைப் பற்றி 2024-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பூட்டு வெளியீட்டின் முதல் வாரத்திலேயே உடைந்தால் வருவாய் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைகிறது என்று கணக்கிட்டது. ஐந்தில் ஒரு பங்கு என்பது எந்தத் தொழிலுக்கும் பெரிய அடி. அதே ஆய்வு சொன்ன இன்னொரு செய்தி: பூட்டு 12 வாரம் தாங்கிவிட்டால், அதற்குப் பிறகு உடைவதால் ஏறக்குறைய இழப்பே இல்லை. அப்படியானால் மூன்று மாதம் கழித்தும் பூட்டைப் பிடித்துத் தொங்குவதால் யாருக்கு லாபம்? சில நிறுவனங்கள் பிற்பாடு கழற்றிவிடுகின்றன. பல மறந்தே போகின்றன.

திருட்டு நகல் என்பது விலைப் பிரச்சினை இல்லை, சேவைப் பிரச்சினை என்று ஸ்டீம் விளையாட்டுக் கடையை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் கேப் நியூவெல் 2011-இல் சொன்னது அடிக்கடி மேற்கோளாகிறது. போலந்தின் சிடி புரொஜெக்ட் அதற்கு நல்ல சான்று. வார்சாவில் திருட்டு சிடிக்கள் வெளிப்படையாக விற்ற 1990-களில், 'பால்டர்ஸ் கேட்' விளையாட்டைப் போலந்து மொழியில் குரல் கொடுத்து, வரைபடம், விதிப்புத்தகம், இசைத்தட்டு எல்லாம் சேர்த்துக் கனமான பெட்டியாக அது விற்றது. திருட்டுக் கடைக்காரரால் கொடுக்க முடியாததைக் கொடுத்தது, மக்கள் வாங்கினார்கள். ஆனால் நியூவெல்லின் கூற்று பாதி உண்மைதான், அதிலும் ஒரு வியாபாரியின் பாதி உண்மை. வெளியான அன்றே நடுங்கும் திரையரங்கு நகலைச் செல்பேசியில் பார்ப்பவருக்குச் சேவைக் குறை என்று எதைச் சொல்வது? அடுத்த தெருவிலேயே படம் ஓடிக்கொண்டிருக்கும். ஓசியில் கிடைப்பதை ஓசியில் எடுத்துக்கொள்பவர்கள் எந்தச் சேவைக்கும் மசிய மாட்டார்கள்.

நல்ல சேவை கிடைத்தால் வாங்குபவர், எதற்கும் மசியாதவர் என்ற இந்த இரு தரப்பையும் தமிழ்த் திரையுலகம் பிரித்துப் பார்த்ததே இல்லை. 2012-இல் '3', தெலுங்கு 'தம்மு' ஆகிய படங்களுக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடையுத்தரவு வாங்கினார்கள். அதைக் காட்டியதும் இணையச் சேவை நிறுவனங்கள் விமியோ, டெய்லிமோஷன், பேஸ்ட்பின் என்று தளம் தளமாக மூடின. குறும்படம் எடுத்து விமியோவில் போட்டவர்களின் படங்களும் சேர்ந்து மறைந்தன. குறிப்பிட்ட முகவரிகளை மட்டுமே முடக்க வேண்டும், முழுத் தளத்தை அல்ல என்று நீதிமன்றமே பிறகு விளக்கம் தர வேண்டியிருந்தது. 2018-இல் '2.0' படத்துக்காக 12,000-க்கும் அதிகமான தளங்களை முடக்க உத்தரவு வந்தது. படம் வந்த அன்றே தமிழ்ராக்கர்ஸ் என்ற திருட்டுத் தளத்தில் நகலும் வந்தது.

பார்வையாளர் வாசலுக்கே போய் விற்றுப் பார்த்தவர்களும் உண்டு. 2013-இல் 'விஸ்வரூபம்' படத்தை டிடிஎச் வழியாக வீட்டுக்கே தர கமல்ஹாசன் முனைந்தபோது திரையரங்கு உரிமையாளர்கள் கொதித்தெழுந்தார்கள், திட்டம் தள்ளிப்போனது. 2015-இல் சேரன் 'ஜேகே எனும் நண்பனின் வாழ்க்கை' படத்தை 50 ரூபாய் டிவிடியாக வீடு தேடி அனுப்பினார். அந்த வழி நிலைக்கவில்லை. டிவிடி ஓட்டும் பழக்கமே மங்கிவந்த காலம் அது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் இரண்டும் திருடனை நோக்கி அல்ல, வாங்குபவரை நோக்கி வைத்த அடிகள்.

உருப்படியான ஏற்பாடு ஒன்று சத்தமில்லாமல் நடக்கிறது. திரையரங்குகளுக்குப் போகும் டிஜிட்டல் பிரதியில் கண்ணுக்குத் தெரியாத வாட்டர்மார்க் இருக்கும். வெளியான நகலை ஆராய்ந்தால் அது எந்த அரங்கில், எந்த நேரக் காட்சியில் பதிவானது என்று கண்டுபிடிக்கலாம். டிக்கெட் எடுத்து உட்கார்ந்தவருக்கு அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. 2024 ஜூலையில் 'ராயன்' படத்தைத் திருவனந்தபுரம் திரையரங்கு ஒன்றில் செல்பேசியில் பதிவு செய்துகொண்டிருந்த ஒருவர் கையும் களவுமாகப் பிடிபட்டதும் இப்படிக் குறிவைத்துத் தேடியதன் பலன்தான். எல்லார் வாயையும் கட்டுவதைவிட, கசியவிட்டவரைப் பிடிப்பது மலிவு, நியாயமும்கூட.

சட்டமோ ஒரு பக்கம் மட்டும் கூர்மையாகிக்கொண்டே போகிறது. 2023-இல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டப்படி, திருட்டுத்தனமாகப் படத்தைப் பதிவு செய்தால் 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, அபராதம் ரூ.3 லட்சத்தில் தொடங்கிப் படத்தின் தயாரிப்புச் செலவில் 5 விழுக்காடு வரை போகலாம். காசு கொடுத்து 'வாங்கிய' படம் ஒருநாள் கணக்கிலிருந்து காணாமல் போனால் என்ன என்பதற்கு அச்சட்டத்தில் இடமில்லை.

அப்படிக் காணாமல் போவது கற்பனையும் அல்ல. 2009 ஜூலையில் ஆர்வெல்லின் '1984', 'விலங்குப் பண்ணை' இரண்டையும் வாடிக்கையாளர்களின் கிண்டில்களிலிருந்து அமேசான் தொலைவிலிருந்தே அழித்தது. உரிமையில்லாத யாரோ பதிவேற்றிய பதிப்புகள் அவை என்பது காரணம். காசு திரும்பி வந்தது. ஆனால் பாடத்துக்காக எழுதிவைத்த குறிப்புகள் பயனற்றுப் போய்விட்டன என்று ஒரு மாணவர் வழக்குத் தொடுத்தார். அமேசான் 1,50,000 டாலருக்கு அதை முடித்துக்கொண்டது. ஜெஃப் பெசோஸ் மன்னிப்புக் கேட்டார். பூட்டு முறை மட்டும் அப்படியே இருந்தது. கலிபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள சட்டம், இது வெறும் உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்ற பொத்தானை வைத்து டிஜிட்டல் பொருளை விற்கக் கூடாது என்கிறது. நிரந்தரமாக இறக்கி வைத்துக்கொண்டு இணையமில்லாமலே பயன்படுத்தக்கூடிய கோப்பைத் தருபவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. சிடி புரொஜெக்ட் குழுமம் தொடங்கிய ஜிஓஜி கடை 2008 முதல் அப்படித்தான் விற்றுவருகிறது.