மலைக்குப் போதல்: சப்பிரகமுவத் தோட்டங்களிலிருந்து மலைநடை இலக்கியம் பற்றிய ஒரு நோக்கு

சப்பிரகமுவத் தோட்டப்புறங்களில் 'மலைக்குப் போதல்' என்னும் தொடருக்கு இரு பொருள்கள் உண்டு. விடியற்காலையிற் பிரட்டுக்களத்திற் பேர் கொடுத்துவிட்டுத் தேயிலை மலைக்கு வேலைக்குச் செல்லுதல் ஒன்று. மார்கழிப் பூரணை தொடக்கம் வைகாசிப் பூரணை வரையுள்ள பருவத்திலே சிவனொளிபாதமலைக்கு யாத்திரை செல்லுதல் மற்றொன்று. உலக இலக்கியத்தில் இத்தொடருக்கு மூன்றாவது பொருளும் ஏற்பட்டுள்ளது. கூலிக்காகவும் அன்றி, நேர்த்திக்கடனுக்காகவும் அன்றி, நடத்தலின் இன்பத்துக்காகவே மலைக்குச் செல்லுதல் அது. இம்மூன்றாம் பொருளிற் பிறந்த மலைநடை இலக்கியத்தை முதலிரு பொருள்களையும் அறிந்த வாசகர் எவ்வாறு மதிப்பிடுதல் வேண்டும் என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

மலைநடை இலக்கியம் செழித்த நாடுகளுள் ஸ்கொத்லாந்து குறிப்பிடத்தக்கது. 1889இல் அங்கு மலையேறுவோர் கழகமொன்று அமைந்தது. அதன் சஞ்சிகையிலே, 1891இல், சேர் ஹியூ மன்றோ என்பார் மூவாயிரம் அடிக்கு மேற்பட்ட சிகரங்களின் பட்டியலை வெளியிட்டார். அவர் கணக்கின்படி தனிமலைகள் 283. அன்றுதொட்டு அச்சிகரங்கள் யாவற்றையும் ஏறி முடித்தல் ஒரு வாழ்நாள் வேட்கையாகப் பலரைப் பற்றிக்கொண்டது. பனிக்காலத்திற் சறுக்குப் பலகைகளைக் காலிற் பூட்டி மலைமேட்டைக் கடப்போரும் தோன்றினர்; 1907இல் அவர்களுக்கெனவும் ஒரு கழகம் எழுந்தது. பட்டியலிட்ட மன்றோ அதனை முற்றாக ஏறி முடிக்காமலே 1919இற் காலமானார். மலையை எண்ணிக்கையாக நோக்கும் மனப்பாங்கிற்கு இதனினும் பொருத்தமான முடிவுரை இல்லை.

அம்மனப்பாங்கிற்கு அந்நாட்டிலிருந்தே எழுந்த மறுப்புரையாக நான் ஷெப்பர்ட் என்னும் பெண்மணியின் 'உயிருள்ள மலை' என்ற சிறுநூலைக் கொள்ளலாம். இரண்டாம் உலகப் போரின் இறுதியாண்டுகளில் எழுதப்பெற்ற இந்நூல், முப்பதாண்டுகளுக்கு மேலாக எழுத்துப்படியாகவே கிடந்து, 1977இல் அச்சேறியது. சிகரத்தை அடைதலன்று, மலையின் உள்ளே செல்லுதலே நடையின் பயன் என்பது ஷெப்பர்டின் கொள்கை. கெயார்ங்கோம் மலைத்தொகுதியின் நீர், உறைபனி, செடிகொடி, பறவை, விலங்கு என ஒவ்வொன்றையும் ஐம்புலன்களாலும் அறிந்து எழுதுகிறார். மலையடிவாரத்துச் சிறு வேளாளரையும் வேட்டைக் காவலரையும் அவர் மறந்துவிடவில்லை என்பது சிறப்பாக நோக்கத்தக்கது.

ஆயினும், இந்நூலை இரத்தினபுரியிலிருந்தோ தெரணியகலையிலிருந்தோ வாசிப்பவருக்கு ஓரிடத்திற் கால் தடுக்கும். வெறுங்காலுடன் புதர்நிலத்தில் நடத்தலை ஷெப்பர்ட் ஒரு பேறாகக் கூறுகிறார். நமது கொழுந்து மலைகளிலும் வெறுங்கால் நடை உண்டு. இடுப்பிற் படங்கும் தலையிற் கம்பளியும் முதுகிற் கூடையுமாக, அட்டை கடிக்க, மழையிலே நிரை பிடித்து ஏறும் பெண்ணின் நடை அது. ஒருவர் விரும்பிக் கழற்றிய பாதணி, மற்றவர் வாங்க இயலாத பாதணி. மண்ணின் ஈரத்தை உணரும் பாதம் ஒன்றே. வேறுபடுவது, விரும்பியபோது வீடு திரும்பும் உரிமை.

இவ்வேறுபாட்டிற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. ஸ்கொத்லாந்து மேட்டுநிலத்தின் 'தனிமை' முற்றிலும் இயற்கையானதன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடக்கம் நிலவுடைமையாளர் ஆட்டுப் பண்ணைகளுக்காகக் குடிகளை வெளியேற்றியமையால், பின்னர் மான் வேட்டைக்காகவும் நிலத்தை ஒதுக்கியமையால், வெறுமையான பள்ளத்தாக்குகள் அங்கே பல. அடுத்த நூற்றாண்டில் இலங்கை மலையகத்தில் நேர்ந்தது இதன் தலைகீழ் வடிவம். இங்கே காடு வெட்டப்பட்டது. சிங்களக் கிராமத்தவரின் சேனை நிலங்கள் பல முடிக்குரியனவாக்கப்பட்டன. தமிழகத்திலிருந்து கொணரப்பட்ட தொழிலாளரால் மலைகள் நிரப்பப்பட்டன. அங்கே மனிதரை அகற்றி மலையைத் தனிமையாக்கிய மூலதனம், இங்கே மலையை மொட்டையாக்கி மனிதரைக் குவித்தது. தோட்டத் துரைமாருட் பலர் ஸ்கொத்லாந்தினர் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

இனி, நமது மலையைப் பற்றிய எழுத்துக்களை நோக்குவோம். 7,359 அடி உயரமுடைய சிவனொளிபாதத்தைப் பௌத்தர் ஸ்ரீபாத என்பர். முஸ்லிம்கள் பாவா ஆதம் மலை என்பர். 1344இல் இதனை ஏறிய இபன் பதூதா, புத்தளத்திலே ஆரியச் சக்கரவர்த்தி தமக்கு அளித்த பரிவாரத்தைக் கணக்கிட்டு உரைக்கிறார்: பல்லக்குச் சுமக்கும் அடிமைகள், நான்கு யோகிகள், மூன்று பிராமணர், பத்துத் துணைவர், உணவு சுமப்போர் பதினைவர். மலையேறுவதற்கு எளியதும் கடியதுமாக இரு வழிகள் உண்டெனவும், எளிய வழியால் ஏறியவனின் யாத்திரை யாத்திரையாக மதிக்கப்படுவதில்லை எனவும் அவர் குறிக்கிறார். பதினைவர் சுமையுடன் ஏறிய வழி எவ்வழியாயினும் அவர்களுக்கு அது கடியதே. அவர்களுக்குக் கிடைத்தது எண்ணிக்கை மட்டுமே, பெயரில்லை. 1870இல் வில்லியம் ஸ்கீன் கொழும்பிலிருந்து பாதம் வரையுள்ள யாத்திரை வழியையும் பல சமயத்தாரின் ஐதிகங்களையும் தொகுத்து ஒரு பெருநூல் ஆக்கினார். 1886இல் அபர்குரொம்பி என்னும் வானிலை அறிஞர், உதய காலத்தில் விழும் முக்கோண நிழலை ஆராய இச்சிகரம் ஏறினார். மலையின் ஐதிகம் தொகுக்கப்பட்டது. மலையின் நிழலும் ஆராயப்பட்டது. மலைச்சரிவின் மனிதர் மட்டும் ஆராய்ச்சிக்கு எட்டாதவராயினர்.

மேனாட்டாரை மட்டும் குறைகூறி அமைதல் திறனாய்வாகாது. தமிழிலே மலைநடைக்கு ஈராயிரம் ஆண்டளவு பழைமையான இலக்கணம் உண்டு. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் 583 அடிகளால் ஆனது; நன்னனைப் பெருங்கௌசிகனார் பாடியது; கூத்தராற்றுப்படை எனவும் பெயர் பெறுவது. மலைவழியை முன்னர்க் கடந்தவன் பின்வருவோனுக்கு வழி கூறுகிறான். பன்றிக்கு வைத்த பொறி எங்கே, தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் எங்கே வரும், வழுக்கும் பாறை எது என எச்சரிக்கிறான். அத்துடன் அமையாது, அவ்விடத்து வாழ்வோர் யார், அவர்கள் உமக்கு எதனை உண்ணத் தருவர் என்றும் உரைக்கிறான். வழியும் வழியிலுள்ள மனிதரும் அங்கே பிரிக்கப்படவில்லை. ஆற்றுப்படையின் உயிர்நிலை இதுவே எனலாம்.

இவ்வளவுகோலைக் கொண்டு நோக்கும்போது நமது மலையகப் படைப்புகளிலும் ஒரு குறை தென்படும். சி.வி. வேலுப்பிள்ளை தொடக்கம் 'ஒரு கூடைக் கொழுந்து' தந்த என்.எஸ்.எம். இராமையா வரை வளர்ந்த மரபு, தொழிலாளரை இலக்கியத்தின் நடுவே நிறுத்திய பெருமைக்குரியது. எனினும், அவர்களைப் பின்பற்றியோர் பலரிடத்தில் மலை துயரத்தின் குறியீடாக மட்டும் சுருங்கிவிட்டது. எந்த ஓடையில் எப்போது நீர் வற்றும், எந்தச் சரிவில் மண் இளகும், முகில் எப்பக்கம் கவிந்தால் மழை வரும் என்பன தோட்டத்து முதியோர் நாவில் உள்ளன. அச்சில் அரிதாகவே உள்ளன. உழைத்துக் களைத்தவரிடம் இயற்கை இன்பத்தைக் கேட்பது கொடுமையன்றோ என வினவலாம். நாம் கேட்பது இன்பத்தையன்று, அறிவை. அவ்வறிவு தொழிலாளருடையது, அதனை எழுதாது விடுதல் அவர்களை வெறும் கைகளாகக் கணக்கிட்ட செக்ரோலை ஒருவகையில் ஏற்பதாகும்.

இது அழகியற் பிரச்சினை மட்டுமன்று. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள் தாக்கப்பட்டபோது, லயங்களை விட்டோடியோருக்குக் காடும் மலையுமே புகலிடமாயின. 2016 மே மாதத்திலே கேகாலை மாவட்டத்தின் அரணாயக்கவிலும் புளத்கொகுப்பிட்டியவிலும் மலை சரிந்து உயிர்களைக் கொண்டது; பின்னைய இடத்திற் புதையுண்டோர் தோட்டத்து லயத்தினர். எவ்வழி ஓடலாம், எச்சரிவின் கீழ்க் குடியிருத்தல் ஆகாது என்னும் அறிவு இங்கே உயிர்காக்கும் அறிவு. மலைபடுகடாம் பாறையையும் பொறியையும் எண்ணி உரைத்ததும் இதனாலேயே.

சிவனொளிபாதமலை சூழ்ந்த வனப் பிரதேசம் 2010இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. நடைபயணிகள் இனியும் வருவர், வரவேற்போம். ஆனால், பலாபத்தல வழியாக ஏறும் இளைஞர் நம்மிடையேயும் உளர். தாயார் மலைக்குப் போய்க் கொழுந்தெடுத்த கூலியிற் கற்றுப் பல்கலைக்கழகம் புகுந்தோர் அவர்களுட் சிலர். 'மலைக்குப் போதல்' என்பதன் மூன்று பொருள்களையும் ஒருங்கே அறிந்தவர் அவர்களே. மன்றோவின் பட்டியலையும் ஷெப்பர்டின் நூலையும் அவர்கள் கற்கட்டும். கற்றபின், வழியையும் வழியிலுள்ளோரையும் பிரிக்காத ஆற்றுப்படையொன்றைச் சப்பிரகமுவ மலைகளுக்கு எழுதட்டும். அதில் உணவு சுமந்த பதினைவருக்கும் பெயர் இருத்தல் வேண்டும்.