பேருந்தில் பிறந்த சுருதி

கிராமிய இசையின் ஏக்கத்தையும் ராக் இசையின் வேகத்தையும் ஒன்றாக்கும் தாகம் கொண்டிருந்த கிராம் பார்சன்ஸ், 1973ஆம் ஆண்டின் முற்பகுதியில், ஃபாலன் ஏஞ்சல்ஸ் என்ற தமது குழுவினருடன் பேருந்தேறி அமெரிக்க நெடுஞ்சாலைகளில் நடத்திய சஞ்சாரத்தை நினைக்குந்தோறும் என் மனம் பரவசமடைகிறது. ஒத்திகை போதாமற் புறப்பட்ட அக்குழு, ஊருக்கு ஊர் வாசித்து வாசித்தே தன் சுருதியைக் கண்டுகொண்டது. ஹூஸ்டன் நகரின் லிபர்ட்டி ஹாலில் நீல் யங்கும் லிண்டா ரான்ஸ்டாட்டும் அவர்களுடன் மேடையேறிப் பாடினர்.

மிதிகளைப் பாதத்தாலும் நெம்புகோல்களை முழங்காலாலும் இயக்கி, தந்திகளின் மீது உருக்குத் துண்டை வழுக்கவிட்டு வாசிக்கும் பெடல் ஸ்டீல் கிட்டாரின் நாதம், ஒரு ஸ்வரத்திலிருந்து மற்றொன்றுக்கு விம்மி விம்மிச் செல்லுகையில், அந்நாளில் அதிகம் அறியப்படாதிருந்த எமிலூ ஹாரிஸ், பார்சன்ஸின் தழுதழுத்த குரல் தளருமிடத்தில் அதைத் தாங்கியும், ஓங்குமிடத்தில் அடங்கியும் பாடுகிற பாங்கு, என் அபிப்பிராயத்தில், அந்த இசை மரபின் சிகரமாகும்.

அவ்வாண்டு செப்டம்பரிலேயே, 26 வயதில், பார்சன்ஸ் காலமானார். நியூயார்க் மாநிலத்து ஹெம்ப்ஸ்டெடில் வானொலிக்காக அவர்கள் பாடிய நிகழ்ச்சி 1982இல் இசைத்தட்டாக வெளிவந்தது. பிரயாணக் களைப்பையும் மீறிய உற்சாகம் அதன் ஒவ்வொரு பாட்டிலும் ததும்புகிறது.