மேடைப்பாடலும் போட்டிப்பாடலும்: கேரளப் பள்ளிக் கலைவிழாவின் கதகளி இசைப் போட்டி - ஒரு மதிப்பீடு

நாடகப் பாடல் நடிப்போடு இணையும்போதே தன் பொருளை முழுமையாகத் தருகிறது. அவ்விணைப்பிலிருந்து பாடலைப் பிரித்தெடுத்து மாணவரிடையே போட்டி நடத்தும்போது, மதிப்பிடப்படுவது எது என்னும் வினா எழுகிறது. 1957இல் எர்ணாகுளத்தில் தொடங்கிய கேரள மாநிலப் பள்ளிக் கலைவிழாவில் இடம்பெறும் கதகளி இசைப் போட்டி இவ்வினாவை ஆராய்வதற்குத் தக்க சான்றாகும்.

கதகளியில் நடிகர் பேசுவதில்லை. பொன்னானி எனப்படும் முதற்பாடகர் சேங்கிலையையும், சிங்கிடி எனப்படும் துணைப்பாடகர் இலைத்தாளத்தையும் இசைத்தவாறு நடிகருக்குப் பின்னே நின்று பாடுவர். கதைநிகழ்வைச் சுலோகமும் பாத்திரக் கூற்றைப் பதமும் உணர்த்தும். நடிகர் ஓரடியின் பொருளை முத்திரைகளால் காட்டி முடிக்கும்வரை பாடகர் அவ்வடியை மீண்டும் மீண்டும் பாடுவார். ஆகவே, அடி மீள்வது பாடகரின் விருப்பத்தால் மட்டும் அன்று. நடிகரின் கையும் கண்ணும் வேண்டுவதால் ஆகும்.

போட்டி மேடையில் நடிகர் இல்லை. மீளும் அடி அங்கு இராக விரிவுக்கான வாய்ப்பாக மாறிவிடுகிறது. குரல்வளம், சுருதி, தாளம் ஆகியவற்றைச் செம்மையாக மதிப்பிட இயலும். ஆட்டத்தைப் பார்த்துப் பாடும் திறனோ அளவுகோலுக்கு அப்பால் நின்றுவிடுகிறது. கலாமண்டலம் ஹைதராலி (1946-2006) போன்றோர் கதகளிப் பதங்களைத் தனிக் கச்சேரியாகவும் பாடினர் எனக் கூறி இக்கருத்தை மறுக்கலாம். ஆயின், அவர்கள் ஆட்டத்துக்குப் பாடிப் பழகிய பயிற்சியோடு கச்சேரி மேடை ஏறியவர்கள். போட்டி மாணவரோ முடிவிலிருந்து தொடங்குகிறார்.

பாலக்காட்டு மாவட்டத்தை நோக்கின் இச்சிக்கல் மேலும் விளங்கும். மாவட்டத்தின் மேற்கிலுள்ள வெள்ளிநேழி கதகளி மரபுக்குப் பெயர்பெற்றது. கிழக்கே, பொள்ளாச்சிப் பகுதியை ஒட்டிய மீனாட்சிபுரம் தமிழும் மலையாளமும் வழங்கும் சித்தூர் வட்டத்தைச் சார்ந்தது. அவ்விரு மொழிகளும் கலந்து வரும் பொறாட்டு நாடகம் பாலக்காட்டுப் பகுதிக்கே உரிய கலையாகும். அதில் குறவன், குறத்தி, வண்ணான், வண்ணாத்தி முதலிய பாத்திரங்கள், வினவுவோன் கேட்கும் கேள்விகளுக்குப் பாட்டாலும் பேச்சாலும் விடையிறுப்பர். கதகளியில் நடிகரின் ஆட்டம் பாட்டை நடத்துவதுபோல், இங்கு எதிர்நிற்பவரின் வினா பாட்டைப் பிறப்பிக்கிறது. கலைவிழாவில் தமிழுக்கென அமைந்த செய்யுள் ஒப்புவித்தலும் பேச்சும் தனிக்குரல் கலைகளே. எனவே, எல்லைப்புறத் தமிழ் மாணவருக்குத் தம் மண்ணின் பாட்டு நாடகப் பயிற்சி அப்போட்டிகளின் வழியாகக் கிட்டுவதில்லை.

கதகளி ஒப்பனைக்குச் செலவும் நேரமும் மிகுதி என்பது உண்மையே. எனினும், ஒப்பனையின்றி ஆடும் 'சொல்லியாட்டம்' என்னும் பயிற்சிமுறை கதகளியிலேயே உள்ளது. போட்டியில் ஒரு பதத்தையேனும் சொல்லியாட்டத்துக்குப் பாடுமாறு விதி வகுத்தால், நடிகரைக் காத்திருந்து பாடுவதும் மதிப்பெண்ணுக்கு உரியதாகும். மதிப்பெண் உள்ளதையே பள்ளிகள் பயிற்றுவிக்கும் சூழலில், அளவுகோலில் இடம்பெறாத திறன் அடுத்த தலைமுறையில் கலையிலும் இடம்பெறாது போகக்கூடும்.