பந்து பட்டது கையில், தீர்ப்பு பேட்டில்

பந்து பேட்டரின் கையில் பட்டதும் "பேஸ் குடு, பேஸ் குடு" என்று எழும் கூச்சலை இந்தப் பருவம் முழுக்கக் கேட்டாகிவிட்டது. அம்பயர் 'டெட் பால்' சொல்லி ஸ்ட்ரைக் காட்டுகிறார். அடிபட்டவர் விரலை உதறிக்கொண்டு நிற்கிறார். அநியாயம் என்று பாதி மைதானம் தீர்மானித்துவிடுகிறது. அம்பயர் சொன்னதுதான் சரி. நாம்தான் சாஃப்ட்பாலைக் கிரிக்கெட் கண்ணால் பார்க்கிறோம்.

கிரிக்கெட்டில் பேட்டைப் பிடித்திருக்கும் கையும் கிளவுஸும் பேட்டின் பகுதி. சாஃப்ட்பாலில் கை எப்போதும் உடம்புதான். கிரிக்கெட்டில் அடிக்கவோ விலகவோ முயன்றவருக்கே லெக் பை உண்டு. இங்கே அடிக்க முயன்றாலே, பந்து உடம்பில் பட்டதற்கான இலவச பேஸ் போய்விடும். விதி இரண்டு ஆட்டத்திலும் தெளிவாகத்தான் இருக்கிறது, திசைதான் நேர் எதிர்.

ஆகவே அம்பயரின் முதல் கேள்வி, பேட்டர் பந்தை அடிக்க முயன்றாரா என்பது. முயன்றிருந்தால் ஸ்ட்ரைக், அதோடு பந்து செத்துவிட்டது. திருட ஓடியவர் இரண்டாம் பேஸைத் தொட்டிருந்தாலும் திரும்பி வரவேண்டும். மூன்றாவது ஸ்ட்ரைக் என்றால் பேட்டர் அவுட். கேட்சர் பந்தைத் தவறவிட்டாலும் முதல் பேஸுக்கு ஓட வழியில்லை. ஆனால் அதே பந்து முதலில் பேட்டின் அடிப்பிடியை உரசி, பிறகு விரலில் பட்டால் ஃபவுல். இரண்டு ஸ்ட்ரைக்கோடு நிற்பவர் பிழைத்துக்கொள்வார். விரலா, கட்டையா என்ற ஒரு அங்குலத்தில் ஒரு இன்னிங்ஸே மாறும்.

இந்த இடத்தில்தான் இந்தப் பருவத்தில் ஆடிய ஒரு இடதுகை ஸ்லாப் பேட்டரை எல்லோரும் தப்பாகப் படிக்கிறார்கள். பந்து கிளம்பும்போதே முதல் பேஸை நோக்கிக் கால் எடுத்து வைக்கிறவர் அவர். உள்பக்கம் எழும்பி வரும் ரைஸ் பால் நேராக அவர் தோளைத்தான் தேடும். ஓட்டத்தில் இருக்கும் உடம்பு, பாதி இறங்கிவிட்ட பேட். அந்த நிலையில் பேட்டைப் பின்னுக்கு இழுத்துத் தோளைத் திருப்பிக்கொள்கிறார். பார்ப்பவர்கள் "பயப்படுகிறார்" என்கிறார்கள். இன்னும் சிலர் "அடி வாங்கியே பேஸ் தேடுகிறார்" என்கிறார்கள்.

இரண்டையும் நான் ஏற்கமாட்டேன். பிட்சர் நிற்பது 43 அடி தூரத்தில். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்துக்கு அரை நொடிகூட ஆகாது. அதற்குள் கிளம்பிய பேட்டை நிறுத்துவதற்கு, அடிப்பதைவிட அதிக மணிக்கட்டு பலம் வேண்டும். பயந்தவர் கண்ணை மூடிக்கொள்வார். இவர் தலை கடைசிவரை பந்தின் மேலேயே இருக்கிறது. வேண்டுமென்றே உடம்பைக் கொடுப்பவருக்கு விதி பேஸ் தராது. ஸ்ட்ரைக் ஸோனுக்குள் வந்த பந்து உடம்பில் பட்டாலும் ஸ்ட்ரைக்தான். இத்தனை கதவுகளும் அடைபட்ட பிறகும் அவர் பேஸுக்குப் போகிறார் என்றால், அது விதியை உடம்பால் படித்த ஒருவரின் திறமை. இந்தப் பருவத்தின் சிறந்த பேட்டர் யார் என்று கேட்டால், நீளமாக அடிப்பவர்களை விட்டுவிட்டு இவரைத்தான் சொல்வேன்.

அடுத்த பருவத்தில் பிட்சர்கள் இவருக்கு உள்பக்கம் போடப் பயப்படுவார்கள். வெளிப்பக்கம் தாழ்வாகப் போடுவார்கள். அதை ஷார்ட் ஸ்டாப் பக்கம் தட்டிவிட்டு இவர் ஓடுவார். கேட்சர்கள் ஒவ்வொரு அரை வீச்சுக்கும் பேஸ் அம்பயரைக் கேட்கச் சொல்லி முறையிடுவார்கள். மணிக்கட்டு திரும்பியதா என்று சண்டை நடக்கும். மணிக்கட்டு திரும்புவது வெறும் அடையாளம். அடிக்கும் முயற்சி இருந்ததா என்பதே தீர்ப்பு. 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் சாஃப்ட்பால் திரும்புகிறது, ஆட்டங்கள் ஒக்லஹோமா சிட்டியில். அங்கே ஒரு பதக்க ஆட்டமாவது இந்த அரை வீச்சில் திரும்பும் என்பது என் கணிப்பு.

அதற்குள் நம் பயிற்சியாளர்கள் பிள்ளைகளுக்கு அடிக்கக் கற்றுத்தருவதோடு பேட்டை நிறுத்தவும் கற்றுத்தர வேண்டும். ரசிகர்களுக்கு ஒரே வேண்டுகோள்: அடுத்த முறை பந்து யார் மேலாவது பட்டால், குரல் கொடுக்கும் முன் பேட் எங்கே நின்றது என்று பாருங்கள்.