செலவு என்றொரு ஆகுபெயர்

'ஊர் சிரித்தது' என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். சிரித்தது ஊரில் இருக்கிற ஆட்கள். ஊரின் பெயர் அவர்களுக்கு ஆகி வந்தது. 2019 அக்டோபரில் 'சயன்ஸ்' இதழில் வந்த ஒரு கட்டுரை இந்த இலக்கணத்தை வைத்துத்தான் எனக்குப் பிடிபட்டது. ஸியாத் ஓபர்மெயர், பிரையன் பவர்ஸ், கிறிஸ்டின் வோகெலி, செந்தில் முல்லைநாதன் நால்வரும் எழுதியது. ஆய்வுக் கட்டுரைக்கு எதுக்குப்பா விமர்சனம் என்று கேட்கலாம். சமீபத்தில் நான் வாசித்த நல்ல துப்பறியும் கதை அதுதான்.

அமெரிக்க மருத்துவமனைகளில் ஓர் அல்காரிதம் புழக்கத்தில் இருந்தது. நோயாளியின் காப்பீட்டுப் பதிவுகளைப் பார்த்து மதிப்பெண் போடும். யார் உடம்பு நாளைக்கு மோசமாகும் என்று முன்கூட்டியே கண்டுபிடித்து, கூடுதல் கவனிப்பு கொடுத்து, ஆஸ்பத்திரியில் படுக்காமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு. 97ஆவது சதமானத்தைத் தாண்டினால் பெயர் தானாகவே பட்டியலில் ஏறும். இனம் என்கிற தகவலே அதற்குள் கிடையாது. ஆனாலும் அந்த 97இல் நிற்கிற கறுப்பினத்தவருக்குச் சராசரியாக 4.8 நாள்பட்ட நோய்கள், வெள்ளையருக்கு 3.8.

காரணம், அல்காரிதம் நோயைக் கணிக்கவே இல்லை. வரப்போகும் மருத்துவச் செலவைக் கணித்தது. செலவு நோய்க்கு ஆகி வந்தது. ஆகுபெயர் செல்லுபடியாக வேண்டுமென்றால் இரண்டுக்கும் நடுவே உறவு அறுபடாமல் இருக்கணும். இங்கே அறுந்திருந்தது: அதே அளவு நோய் இருந்தும் கறுப்பினத்தவருக்கு வருடத்துக்கு 1,801 டாலர் குறைவாகவே செலவாகியிருந்தது. வேலையை விட்டுவிட்டு வர முடியாதவர் இருக்கிறார். டஸ்கீகியை மறக்காதவர் இருக்கிறார் (1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் வந்த கறுப்பின ஆண்களுக்கு வைத்தியம் பார்க்காமலே கவனித்துக்கொண்டிருந்த ஆய்வு அது). வராதவருக்குச் செலவில்லை. செலவில்லாதவர் ஆரோக்கியசாலி.

எங்க அம்மாவும் அந்தக் கணக்குல ஆரோக்கியசாலிதான். சர்க்கரை இருக்குன்னு தெரிஞ்சதே கால்ல புண் ஆறாம போனப்பதான். அதுக்கு முன்னால அவங்க பேர்ல ஒரு ஃபைல்கூடக் கிடையாது. எந்த அல்காரிதம் பார்த்திருந்தாலும் 'இவங்களுக்கு ஒண்ணும் இல்ல'ன்னு தள்ளி வெச்சிருக்கும்.

கட்டுரையில் என்னை மிரட்டியது, அல்காரிதம் தவறவில்லை என்பது. செலவை இரு இனத்தவருக்கும் ஒழுங்காகவே கணித்தது. கேட்ட கேள்விதான் வேறு. சாய்வைச் சரிசெய்தால் தானாகச் சேர்பவர்களில் கறுப்பினத்தவர் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 ஆகும் என்று எழுதுகிறார்கள். ஒரு வார்த்தையை இன்னொன்றின் இடத்தில் வைத்ததற்கு இவ்வளவு.

கடைசிப் பகுதியில்தான் எனக்கு இடறுகிறது. தயாரித்த நிறுவனத்தோடு சேர்ந்து, செலவோடு உடல்நிலையையும் கணிக்கச் சொன்னார்கள். சாய்வு 84 சதவீதம் குறைந்தது. சந்தோஷம். ஆனால் உடல்நிலை எங்கிருந்து வந்தது? அதே பதிவேட்டிலிருந்து. டாக்டரிடம் போய், டெஸ்ட் எடுத்து, கோப்பில் ஏறினால்தானே அது 'நோய்'? அப்படியென்றால் பதிவான நோயும் நோய்க்கு இன்னொரு ஆகுபெயர். இந்த இடத்தில் ஆசிரியர்கள் இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருக்கலாம். ரத்த அழுத்தம், சர்க்கரை அளவையெல்லாம் தனியாக எடுத்துப் பார்த்திருக்கிறார்கள், சரி. அதற்கும் ஆள் வந்து கையை நீட்டியிருக்கணுமே.