சட்டமன்ற உறுப்பினர் ஆவணங்களும் மக்கள் முன்மொழிவும்

மக்கள் முன்மொழிவு என்பது வாக்காளர்கள் கையொப்பம் திரட்டி, ஒரு சட்ட வரைவை நேரடி வாக்கெடுப்புக்குக் கொண்டுவரும் முறை. இம்முறை இருந்தாலே சட்டமன்ற உறுப்பினர்களின் ஆவணங்கள் வெளிப்பட்டுவிடும் என்ற வாதம் முழுமையானதன்று.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில மக்கள் 1972இல் 276ஆம் முன்மொழிவை நிறைவேற்றி, அரசு ஆவணங்களைப் பார்க்கும் உரிமை பெற்றனர். உறுப்பினர்களோ அது தங்களுக்குப் பொருந்தாது என்றனர். 2018இல் தங்களுக்கு விலக்கு தரும் மசோதாவை இரண்டே நாளில் நிறைவேற்றினர். எதிர்ப்பு பெருகவே ஆளுநர் ஒப்புதல் மறுத்தார். 2019இல்தான் மாநில உச்ச நீதிமன்றம் அவர்களையும் அச்சட்டத்துக்கு உட்படுத்தியது.

இந்தியாவில் இத்தகைய முன்மொழிவு முறை இல்லை. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் தனி உறுப்பினரின் அலுவலகத்தைப் பெயர் சுட்டிக் கூறவில்லை. அவை உரிமையை மீறும் தகவலுக்குப் பிரிவு 8 விலக்கும் அளிக்கிறது. ஓசூர் அருகே சானமாவு காட்டையொட்டி, யானைகளால் பயிரிழந்த விவசாயி ஒருவர், இழப்பீடு குறித்துத் தொகுதி உறுப்பினர் கடிதம் எழுதினாரா என வனத்துறையிடம் கேட்கலாம். உறுப்பினரிடமே கேட்டுப் பெறும் வழி தெளிவாக இல்லை. கிராம சபைத் தீர்மானமும் அவரைக் கட்டுப்படுத்தாது.

வாஷிங்டனில் வாக்கெடுப்பு, மக்கள் வழக்காட ஒரு சட்டத்தைத் தந்தது. அது யாரைக் கட்டுப்படுத்தும் என்பது ஐயமற எழுதப்படாததால் 47 ஆண்டுகள் கழிந்தன. இந்தியச் சட்டத்திலும் முதலில் தீர வேண்டிய குறை அதுவே.