அர்த்தம் கேட்பவர்கள்

ரோமன் எழுத்தைப் பார்த்து ஜப்பானிய அனிமே பாட்டுகளைக் கரோக்கியில் பாடும் அரியாங்குப்பத்துப் பையன்களிடம் நம் தோழர்கள் கேட்கிறார்கள்: 'அர்த்தம் தெரியாம எதுக்குப்பா பாடுறீங்க?' கேள்வி பழசு. 1943இல் தமிழ் இசைச் சங்கம் தெலுங்குக் கீர்த்தனை சபாக்களை நோக்கிக் கேட்டதும் ஏறக்குறைய இதுவே. ஆனால் அந்தப் புரியாத மொழிக்குப் பின்னால் சாதியும் மேடையும் இருந்தன. 'இவாஞ்சலியன்' (1995) தொடரின் முகப்புப் பாட்டைப் பாடுகிறவனுக்குக் கிடைப்பதோ கேலிதான்.

கரோக்கி என்றால் 'வெற்று இசைக்குழு'. 1971இல் கோபே நகரில் இந்த எந்திரத்தைச் செய்த தாய்சுகே இனோயே, தானே மதுக்கூடங்களில் பக்கவாத்தியம் வாசித்தவர். நம் மெல்லிசைக் குழுக்காரர்களின் பிழைப்பிலும் இந்த 'டிராக்' மண்ணைப் போட்டது; இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும், யார் பாடலாம் என்று தீர்மானிக்கும் வாத்தியார் இந்த வெற்றிடத்தில் இல்லை. தோழர்கள் கேள்வியோடு வந்து உட்கார்வது அவருடைய நாற்காலியில்தான்.